கடைத் தொலைபேசியை இணையத்துக்கு மாற்றுமுன் கவனிக்க வேண்டியவை



பலசரக்கு வியாபாரத்தில் நாம் போட்ட முதல், பிடித்த சரக்கு, சேர்த்த நாணயம் இவற்றோடு சேர்த்து எண்ண வேண்டிய இன்னொரு சொத்து கடையின் தொலைபேசி எண். "அண்ணாச்சி, துவரம் பருப்பு இன்றைக்கு என்ன விலை?" என்று கேட்கும் வாடிக்கையாளர் பலருக்கு நம் கடை எண் மனப்பாடம். பில் புத்தகம், போர்டு, மஞ்சள் பை, தினசரிக் காலண்டர் எல்லாவற்றிலும் அந்த எண்தான் இருக்கிறது.

இப்போது செம்புக் கம்பி இணைப்புகள் ஃபைபருக்கு மாறி வருகின்றன. இணையம் வழியாகப் பேசும் தொலைபேசிக்கு மாறச் சொல்லி விற்பனைப் பிரதிநிதிகளும் கடை தேடி வருகிறார்கள். மாறலாம், தவறில்லை. ஆனால் ஆழம் தெரியாமல் காலை விடக் கூடாது. அதற்காகவே இந்தப் பாடம்.

வந்த வழி

சென்னை, பம்பாய், கல்கத்தா நகரங்களில் தொலைபேசி நிலையங்கள் 1882 ஜனவரியில் திறக்கப்பட்டன. நம் நாட்டின் முதல் எஸ்.டி.டி. இணைப்பு 1960ல் கான்பூருக்கும் லக்னோவுக்கும் இடையே வந்தது. அதன் பிறகும் நெடுங்காலம் விருதுநகர் மார்க்கெட் விலையை வெளியூருக்குச் சொல்ல டிரங்கால் பதிவு செய்து காத்திருந்த தலைமுறை நம்முடையது. பொதுமக்களுக்கு இணையம் 1995 ஆகஸ்ட் 15ல் வந்தது. இணையம் வழியாகப் பேச 2002 ஏப்ரலில் வரம்புக்கு உட்பட்ட அனுமதி கிடைத்தது. 2018ல் அந்த வரம்பு தளர்ந்து, அந்த ஆண்டு ஜூலையில் பி.எஸ்.என்.எல். 'விங்ஸ்' என்ற இணையத் தொலைபேசிச் சேவையை அறிவித்தது.

வேலை செய்யும் விதம்

பழைய தொலைபேசியில் நம் குரல் கம்பி வழியே மின்னோட்டமாகச் சென்றது. புதிய முறையில் குரல் சிறு சிறு பொட்டலங்களாகக் கட்டப்பட்டு, இணையத்தில் மற்ற தகவல்களோடு கலந்து போய், மறுமுனையில் மீண்டும் வரிசையாகச் சேர்கிறது. லாரி ஆபீஸில் பல கடைச் சரக்கும் ஒரே வண்டியில் ஏறிப் போவது போலத்தான். வண்டியில் இடம் இருந்தால் சரக்கு நேரத்துக்குச் சேரும். நெரிசல் என்றால் பொட்டலம் தாமதமாகும், சில தொலைந்தும் போகும். அப்போது பேச்சு விட்டு விட்டுக் கேட்கும். விலை பேசும்போது 'ஐம்பது' என்றாரா 'ஐம்பத்தைந்து' என்றாரா என்று தெரியாவிட்டால் மூட்டைக்கு எவ்வளவு நஷ்டம் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஓர் அழைப்புக்கு ஒவ்வொரு திசையிலும் நொடிக்குச் சுமார் 100 கிலோபிட் வேகம் போதும். நான்கு பேர் ஒரே நேரத்தில் பேசினாலும் 400 கிலோபிட்தான். 30 மெகாபிட் இணைப்பில் இது சிறு பங்கு. ஆயினும் கடையின் கண்காணிப்புக் கேமராக்கள் நாள் முழுதும் படத்தை வெளியே அனுப்பிக் கொண்டிருந்தால் ஏற்றும் பாதை நிறைந்துவிடும். குரலுக்கு முன்னுரிமை தரும்படி ரூட்டரை அமைக்கச் சொல்லுங்கள். குரல் போய்ச் சேர 150 மில்லி நொடிக்கு மேல் ஆகத் தொடங்கினால் இருவர் பேச்சும் ஒன்றோடொன்று மோதும். சோதித்துப் பார்த்த பிறகே பணம் கட்ட வேண்டும்.

கிடைக்கும் லாபம்

ஒரே எண்ணுக்கு ஒரே சமயத்தில் பல அழைப்புகள் வரலாம். கடை, குடோன், வீடு மூன்றையும் ஒரே இன்டர்காம் போல இணைக்கலாம். எடுக்காத அழைப்புகளின் பட்டியல் கிடைக்கும். ஃபைபரில் மழையால் கம்பி துருப்பிடிப்பதில்லை.

முதல் எச்சரிக்கை: மின்சாரம்

பழைய லேண்ட்லைனுக்குத் தேவையான மின்சாரம் நிலையத்திலிருந்தே கம்பி வழியாக வந்தது. கடையில் கரண்டு போனாலும் போன் பேசியது. புதிய முறையில் கரண்டு போனால் மோடம் நிற்கும், போனும் ஊமையாகும்.

மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை நாளை நினைத்துக் கணக்குப் போடுவோம். மோடமும் ரூட்டரும் சேர்ந்து 20 வாட் என்று வைத்துக் கொண்டால் 8 மணி நேரத்துக்கு 160 வாட்-மணி வேண்டும். 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி இன்வெர்ட்டர் பேட்டரியில் கணக்குப்படி 1,800 வாட்-மணி உண்டு. அதில் பாதி கிடைத்தாலும் தாராளம். ஆகவே இவ்விரண்டையும் இன்வெர்ட்டர் லைனில் சேர்த்துவிடுங்கள். இணைப்புத் தருபவர் தெருவில் வைத்திருக்கும் கருவிக்கும் பேட்டரி உண்டா என்று கேளுங்கள். அங்கே நின்றுவிட்டால் நம் இன்வெர்ட்டரால் பயன் இல்லை.

இரண்டாவது எச்சரிக்கை: அவசர அழைப்பு

நாரணாபுரம் போன்ற பட்டாசுத் தொழில் ஊரில் இருப்போர் இதை மற்ற எல்லாவற்றுக்கும் மேலாகக் கவனிக்க வேண்டும். பட்டாசு ஆலைக்குள் செல்போன் கொண்டு போகக் கூடாது. ஆகவே ஆலை அலுவலகத்துத் தொலைபேசிதான் ஆபத்து நேரத்தில் கைக்கு எட்டும் தொலைபேசி. தீயணைப்புக்கு 101, ஆம்புலன்ஸுக்கு 108, பொது அவசர எண் 112.

இணையத் தொலைபேசியில் அவசர அழைப்பு வசதியை ஊக்குவிக்கலாம், கட்டாயமாக்க வேண்டாம் என்றே டிராய் 2017 அக்டோபரில் பரிந்துரைத்தது. செயலி வழியாகப் பேசும் எண் எந்த ஊரிலிருந்தும் பேசக் கூடியது. அது எங்கிருந்து அழைக்கிறது என்று மறுமுனைக்குத் தெரியாமல் போகலாம். எனவே இந்த எண்களுக்கு அழைப்பு போகுமா என்று எழுத்தில் பதில் வாங்குங்கள். ஆலை வைத்திருப்போர் அலுவலகத்தில் பழைய லேண்ட்லைன் ஒன்றையோ, தடையற்ற மின்சாரத்துடன் கூடிய தனி இணைப்பையோ கட்டாயம் வைத்திருக்க வேண்டும். உள்ளூர்த் தீயணைப்பு நிலையத்தின் நேரடி எண்ணையும், 'நாரணாபுரம் ரோடு, இன்ன இடம்' என்ற விலாசத்தையும் போன் அருகே பெரிய எழுத்தில் ஒட்டி வையுங்கள். பதற்றத்தில் யாருக்கும் விலாசம் வாயில் வராது.

பெரிய நாடுகளும் இதில் தடுமாறியது உண்டு. இங்கிலாந்தில் பழைய தொலைபேசி முறையை 2025க்குள் நிறுத்துவது என்று இருந்தவர்கள், தனியே வாழும் முதியோரின் அபாய மணிகள் பழைய லைனை நம்பியிருந்ததையும் கருதி 2027 ஜனவரிக்குத் தள்ளி வைத்தார்கள்.

மூன்றாவது எச்சரிக்கை: எண்

செல்போன் எண்ணை மாற்றாமல் கம்பெனி மாறும் வசதி 2011 ஜனவரியிலிருந்து நாடு முழுதும் உண்டு. லேண்ட்லைன் எண்ணுக்கு அந்த வசதி இல்லை. அதே நிறுவனத்தின் ஃபைபருக்கு மாறினால் பழைய எண்ணைத் தொடரக் கேட்கலாம். வேறு நிறுவனத்துக்குப் போனால் எண் போய்விடும். பழைய எண்ணை ஒப்படைக்குமுன் இருமுறை யோசியுங்கள்.

திட்டமிடும் முறை

1. தைப் பொங்கல் வியாபாரம் முடிந்ததும் கணக்கெடுங்கள். எத்தனை போன், ஒரே நேரத்தில் அதிகபட்சம் எத்தனை அழைப்பு, பழைய லைனில் ஃபாக்ஸ், கார்டு மெஷின், திருட்டு அலாரம் எதுவும் இணைந்திருக்கிறதா என்று எழுதுங்கள்.

2. மாசியில் ஒரே ஒரு போனை மட்டும் மாற்றிச் சோதியுங்கள். பழைய போனையே சிறு அடாப்டர் பெட்டி மூலம் பயன்படுத்தலாம்.

3. பங்குனிப் பொங்கல் நெரிசலில் எதையும் தொட வேண்டாம். சித்திரை, வைகாசியில் பழையது, புதியது இரண்டையும் சேர்த்து ஓட்டுங்கள். ஒரு மின்தடை நாளையாவது பார்த்துவிட வேண்டும்.

4. இணையம் அறுந்தால் அழைப்பு தானாக ஒரு செல்போனுக்குத் திரும்பும்படி அமையுங்கள். ரோடு தோண்டினால் ஃபைபரும் அறும்.

5. பெட்டியோடு வரும் பாஸ்வேர்டை முதல் நாளே மாற்றுங்கள். வெளிநாட்டு அழைப்பு தேவையில்லை என்றால் பூட்டுங்கள். இரவில் திருட்டுத்தனமாக நுழைந்து வெளிநாட்டுக்குப் பேசி, பில்லை நம் தலையில் கட்டும் கும்பல்கள் உண்டு.

6. உரிமம் பெற்ற நிறுவனத்திடம் மட்டும், கடைப் பெயரில் பில்லுடன் வாங்குங்கள். மாடி அறையில் பெட்டி வைக்க இடம் கொடுங்கள், வாடகை தருகிறோம் என்று முன்பின் தெரியாதவர் கேட்டால் மறுத்துவிடுங்கள். சிம் கார்டுகளை அடுக்கி வெளிநாட்டு அழைப்புகளைக் கள்ளத்தனமாக இறக்கும் வேலையாக இருக்கலாம்.

7. ஆனி மாதத்துக்குள் எண் எது என்று முடிவாகிவிட வேண்டும். ஆடிப்பெருக்கு அன்று சிவகாசியில் காலண்டர் ஆல்பங்கள் வெளியாகி ஆர்டர் தொடங்கும். தவறான எண் காலண்டரில் ஏறிவிட்டால் வருடம் முழுதும் அதுவே சுவரில் தொங்கும். அதன்பின் தீபாவளி முடியும் வரை எந்த மாற்றமும் கூடாது.

பழைய லைனை ஒப்படைக்கும்போது டெபாசிட் தொகையைக் கேட்டு வாங்க மறவாதீர்கள்.

புதியதைக் கண்டு அஞ்சுவதும் வேண்டாம், பிறர் மாறினார்கள் என்று அவசரப்படுவதும் வேண்டாம். சரக்கை எடைபோட்டு வாங்குவது போல இதையும் எடைபோட்டு வாங்குவோம். வாடிக்கையாளர் அழைத்தால் கேட்க வேண்டும், ஆபத்தில் நாம் அழைத்தால் போக வேண்டும். இவ்விரண்டும் உறுதியான பிறகு பழைய கம்பியைக் கழற்றலாம்.