எக்ஸ் என்றால் யாருக்குப் புரியும்?

கேள்வி: ரூபி நிரல்மொழியில் ஏ, பி, எக்ஸ் என்றே மாறிகளுக்குப் பெயர் வைக்கிறேன். நிரல் சரியாகத்தான் ஓடுகிறது. இதில் என்ன தவறு?

பதில்: கணினிக்குக் குறையில்லை, படிப்பவருக்குத்தான் திண்டாட்டம். ரூபியில் மாறியின் வகையை அறிவிப்பதில்லை. உள்ளே இருப்பது எண்ணா எழுத்துச்சரமா என்று பெயர்தான் சொல்லியாக வேண்டும். பயனர் தட்டும் வரியை வாங்கும் 'கெட்ஸ்', எண்ணைத் தட்டினாலும் சரத்தையே தரும், வரிமுறிவோடு. 'சாம்ப்' போட்டு அதை நீக்கிவிட்டு 10, 5 இரண்டையும் கூட்டினால் 15 வராது, 105 வரும்! எனவே வாங்கியதை 'வயது_உரை' என்றும், 'டு_ஐ' மூலம் எண்ணாக்கியதை 'வயது' என்றும் தனித்தனியே வையுங்கள். பாதிப் பிழைகள் அங்கேயே அகப்பட்டுவிடும்.

செயற்கூறுக்குத் தரும் உள்ளீடுகளிலும் இதே கவனம் வேண்டும். வட்டி(5000, 8, 2) என்பதில் எட்டு சதவீதமா, ஆண்டா? வட்டி(அசல்: 5000, விகிதம்: 8, ஆண்டு: 2) என்றால் கேள்விக்கே இடமில்லை, வரிசை மாறினாலும் கணக்கு பிசகாது. பெயர் நீள்கிறதே என்று தயங்க வேண்டாம்.

இப்படித் தமிழில் பெயர் வைக்கலாமா? ஆம், தமிழ்ப் பெயர்களை ரூபி ஏற்கும். வகுப்புகளுக்கும் மாறிலிகளுக்கும் மட்டும் முடியாது. அவை பெரிய எழுத்தில் தொடங்க வேண்டும், தமிழில் அது இல்லை. பழகும்போது தமிழிலேயே எழுதிப் பாருங்கள்.