காது கேளாத நோயாளியும் வார்டு செவிலியரும்



நம் மஹல்லாவில் காது கேளாதவர் இருக்கும் வீடுகள் உண்டு. செவிலியர் படிப்பு படிக்கும் பெண்பிள்ளைகள் இருக்கும் வீடுகளும் உண்டு. இம்மாதப் பாடம் இரு சாராருக்கும் உரியது.

என் சாச்சா பிறவியிலேயே காது கேளாதவர். தையல் தொழிலில் குடும்பத்தைக் கரையேற்றியவர். காலில் ஏற்பட்ட புண் பழுத்துப்போய், அவரை ஒரு மருத்துவமனையில் சேர்த்திருந்தோம். ஊசி மருந்தோடு வந்த நர்ஸ் என்னைப் பார்த்து, "இவருக்கு ஏதாவது மருந்து ஒத்துக்காதா சார்?" என்று கேட்டார். "அப்படி ஒன்றும் இல்லை" என்றேன். ஊசியைக் கண்டதும் சாச்சா கையை இழுத்துக்கொண்டார். "அடம் பிடிக்கிறார், கையைப் பிடிச்சுக்குங்க" என்றார் நர்ஸ். நானும் பிடித்தேன். சாச்சா மற்றக் கையால் மருந்துக் குப்பியைக் காட்டினார். கன்னங்களை உப்பிக் காட்டினார். தொண்டையைப் பிடித்துக்கொண்டு மூச்சுத் திணறுவதுபோல் செய்தார். அதன் பிறகுதான் எனக்கு உறைத்தது. நான் வெளியூரில் இருந்த காலத்தில் பென்சிலின் ஊசி போட்டு அவருக்கு முகம் வீங்கியிருக்கிறது. அது எனக்குத் தெரியாது, அவருக்குத் தெரியும். கேள்வியோ என்னிடம் வந்தது. நானும் தெரிந்தவன்போல் பதில் சொல்லிவிட்டேன்.

அந்த நர்ஸைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. உடனே ஊசியை வைத்துவிட்டு டாக்டரிடம் ஓடினார், கோப்பில் சிவப்பு மையில் எழுதினார். ஒருவரே பல படுக்கைகளைக் கவனிக்கும் வார்டில், கூட இருப்பவரிடம் கேட்டால் வேலை சீக்கிரம் முடியும். காது கேளாதவரோடு பேசும் பயிற்சி பெரும்பாலோருக்குக் கிடைப்பதில்லை. அந்தத் தயக்கம் வெளியே எரிச்சலாகத் தெரிகிறது. 'இவருக்கு ஒன்றும் விளங்காது' என்ற எண்ணமும் சிலரிடம் உண்டு. அந்த எண்ணம் நம் வீடுகளிலும் உண்டு என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். 'ஊமை' என்று கூப்பிடுகிறவர்கள் நாம்தானே!

காது கேளாதவர் தலையாட்டினால் புரிந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. எதிரில் இருப்பவர் முகம் சுளிக்கக் கூடாதே என்று தலையாட்டிப் பழகியவர்கள் அவர்கள். சொன்னதைத் திரும்பச் செய்துகாட்டச் சொன்னால்தான் புரிந்ததா என்பது தெரியும்.

உதட்டைப் பார்த்தே எல்லாம் விளங்கிக்கொள்வார்கள் என்பதும் தவறு. கண்ணாடி முன் நின்று 'மருந்து', 'பருந்து' என்று சத்தமில்லாமல் சொல்லிப் பாருங்கள். உதடு இரண்டுக்கும் ஒன்றுபோலவே அசையும். முகக்கவசம் போட்டுவிட்டால் அதுவும் இல்லை. கத்திப் பேசினால் வாயின் வடிவம் கோணிப்போய் இன்னும் கெடும். எழுதிக் காட்டுவது, முதுமையில் கேட்கும் திறன் இழந்தவருக்கு நன்றாக உதவும். ஆனால் சைகை மொழியில் வளர்ந்தவருக்குத் தமிழ் இரண்டாவது மொழி. சைகை மொழிக்குத் தனி இலக்கணம் இருக்கிறது. அவருக்கு நீண்ட வாக்கியத்தைவிடப் படமும் எண்ணும் சிறு சொற்களும் விளங்கும்.

செவிலியர் படிக்கும் பிள்ளைகளுக்குச் சில வார்த்தைகள். பேசுமுன் எதிரே போய் நின்று கையசையுங்கள் அல்லது தோளை மெல்லத் தொடுங்கள். முகத்தில் வெளிச்சம் படும்படி நில்லுங்கள். டிரிப்ஸை அவர் அதிகம் சைகை செய்யும் கையில் ஏற்றாதீர்கள். ஏற்றினால் அவர் வாயைக் கட்டியதாகிவிடும். வலியின் அளவை 0 முதல் 10 வரை விரலால் காட்டச் சொல்லலாம். டோக்கன் எண்ணைக் கூப்பிட்டால் அவருக்குக் கேட்காது, நேரில் போய் அழையுங்கள். காதுக்குள் காக்ளியர் கருவி பொருத்தியவராக இருந்தால், அதில் காந்தம் இருப்பதால் எம்.ஆர்.ஐ. எடுக்குமுன் அவசியம் தெரிவிக்க வேண்டும்.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 25ஆவது பிரிவு, மருத்துவமனையில் அவர்களைக் கவனிப்பதிலும் சிகிச்சையிலும் முன்னுரிமை தரச் சொல்கிறது. 2015இல் டெல்லியில் தொடங்கிய இந்திய சைகை மொழி ஆராய்ச்சி மற்றும் பயிற்சி மையம் 10,000 சொற்கள் கொண்ட சைகை அகராதியை வெளியிட்டிருக்கிறது. ஆனால் நாம் போகிற வார்டுகளில் சைகை மொழிபெயர்ப்பாளரைக் காண்பது அபூர்வம். அதனால் பிள்ளைகள்தான் மொழிபெயர்க்கிறார்கள். ஒரு தாய் தன் கர்ப்பப்பைக் கோளாறை மகன் வழியாக டாக்டரிடம் சொல்வாளா? பாதியை விழுங்கிவிடுவாள். அப்படிப்பட்ட நேரத்தில் மகளையோ, சைகை தெரிந்த வேறொரு பெண்ணையோ அழைத்துப் போங்கள்.

சாச்சாவின் சட்டைப்பையில் இப்போது ஒரு தாள் இருக்கிறது. காது கேளாதவர் என்பது, ஒத்துக்கொள்ளாத மருந்து, சாப்பிட்டு வரும் மாத்திரைகள், இரத்த வகை, பேச விரும்பும் முறை, அவசரத்துக்கு அழைக்க வேண்டிய எண் ஆகியவை அதில் உண்டு. அதே மாதிரிப் படிவம் நம் டிரஸ்ட் அலுவலகத்தில் இலவசமாகக் கிடைக்கும். எழுத இயலாதவர்களுக்கு நாங்களே நிரப்பித் தருவோம். ஆனால் சம்பந்தப்பட்டவரைக் கூடவே அழைத்து வாருங்கள். அவருக்குப் பதிலாக நீங்கள் வந்து சொல்ல வேண்டாம்.