ஆபீஸைச் சுத்தம் செய்யும் அக்காவோட பிஎஃப் எங்கே போகுது?

உங்க ஆபீஸ்ல தரை துடைக்கிற அக்கா பெரும்பாலும் உங்க கம்பெனி ஊழியர் இல்லை. ஹவுஸ்கீப்பிங் ஏஜென்சி மூலமா வந்தவங்க. அவங்க சம்பளக் கணக்கை இன்னைக்குப் பார்ப்போம்.

உதாரணத்துக்கு, பிஎஃப், இஎஸ்ஐ ரெண்டுக்கும் கணக்கெடுக்கிற சம்பளம் 12,000 ரூபாய்னு வைங்க.

அவங்ககிட்ட பிடிக்கிறது: பிஎஃப் 12%, அதாவது 1,440. இஎஸ்ஐ 0.75%, அதாவது 90. கைக்கு வருவது 10,470.

ஏஜென்சி தன் பங்காகக் கட்ட வேண்டியது: பிஎஃப் 1,440, இஎஸ்ஐ 3.25% அதாவது 390.

ஆக, ஒரு ஆளுக்கு ஏஜென்சியோட செலவு குறைஞ்சது 13,830. ஃபினாயில், மாப், லாபம் எல்லாம் இதுக்கு மேலதான். அப்போ "13,000க்கு ஆள் தர்றோம்"னு ஒரு கொட்டேஷன் வந்தா? யாரோ ஒருத்தரோட பிஎஃப்லதான் கை வைக்கப் போறாங்க!

ஏஜென்சி கட்டலைன்னா, சட்டப்படி வேலை வாங்குற கம்பெனிக்கும் பொறுப்பு உண்டு. அதனால மாதாமாதம் சலான் கேட்டு வாங்குறது உங்க அட்மின் டீமோட வேலை.

நீங்க என்ன செய்யலாம்? அந்த அக்காகிட்ட யுஏஎன் நம்பர் இருக்கான்னு கேளுங்க. அவங்க போன்லயே உமங் ஆப்ல பாஸ்புக் பார்க்கக் கத்துக்கொடுங்க. ஓடிபியை அவங்களே போடட்டும். சில மாதங்கள் விடுபட்டிருந்தா முதல்ல அட்மின்கிட்ட பேசுங்க. நடக்கலைன்னா இபிஎஃப்ஓ தளத்துல புகார் கொடுக்கலாம்.

அது சரி, உங்க பாஸ்புக்கை நீங்க கடைசியா எப்போ பார்த்தீங்க?