இடுப்பு எலும்பு முறிவும் ரத்தப் பயமும்

குளியலறையில் வழுக்கி விழுந்த பாட்டிக்கு இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது, ஆபரேஷன் செய்ய வேண்டும் என்று மருத்துவர் சொன்னதும் வீட்டில் எழும் முதல் கேள்வி: "இந்த வயசுல ரத்தம் நிறையப் போயிடுமே, தாங்குவாங்களா?" பயம் நியாயமானது. ஐம்பது கிலோ எடையுள்ள முதியவளின் உடலில் இருப்பதே ஏறக்குறைய மூன்றேகால் லிட்டர் ரத்தம்தான். ஆனால் அந்தப் பயத்தில் எடுக்கும் முடிவுகள்தான் பல சமயம் அவளைப் படுக்கையில் தள்ளுகின்றன.

"கத்தி வைத்தால்தான் ரத்தம் போகும், கட்டுப் போட்டால் போகாது"

விழுந்த கணத்திலேயே ரத்தம் கசியத் தொடங்கிவிடுகிறது. இடுப்பு மூட்டையொட்டிய தொடை எலும்பின் கழுத்துப் பகுதி முறிந்தால், மூட்டைச் சுற்றியுள்ள உறை அதை ஓரளவு அடக்கி வைக்கும். அதற்குச் சற்றுக் கீழே முறிந்தால் அடக்க எதுவும் இல்லை. தொடைத் தசைகளுக்குள் ரத்தம் இறங்கிக்கொண்டே இருக்கும். வெளியே ஒரு சொட்டுக்கூடத் தெரியாது, தொடை மட்டும் வீங்கும். கத்தியே படாமல் மறுநாள் ஹீமோகுளோபின் இறங்கியிருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

புத்தூர் கட்டுக்கு அழைத்துப் போகலாம் என்று உறவினர் சொல்வார்கள். தொடையின் பெரிய தசைகள் முறிந்த முனைகளை இழுத்துக்கொண்டே இருப்பதால், வெளியிலிருந்து போடும் கட்டு இந்த இடத்தைப் பிடித்து நிறுத்தாது. வாரக்கணக்கில் படுத்திருந்தால் படுக்கைப் புண், நிமோனியா, கால் ரத்தக் குழாயில் ரத்தக் கட்டு என ஒவ்வொன்றாக வரும். வந்த அன்றோ மறுநாளோ ஆபரேஷனை முடித்து எழுப்பி உட்கார வைப்பதே நல்லது.

"ஆபரேஷனில் கொஞ்சம்தான் போச்சாம், இனிப் பயமில்லை"

உறிஞ்சு குழாயிலும் பஞ்சிலும் சேர்வதைத்தான் அங்கே அளக்கிறார்கள். தசைக்குள் தங்குவது அந்தக் கணக்கில் வராது. 2006-இல் வெளியான டென்மார்க் ஆய்வு ஒன்று, உண்மையான இழப்பு கண்ணால் கண்டதைவிட வெகு அதிகம் என்று காட்டியது. அதனால் அடுத்த சில நாட்களுக்கும் ஹீமோகுளோபினைப் பார்க்க வேண்டும். எழுந்து நின்றதும் தலை சுற்றுகிறது என்று பாட்டி சொன்னால், வயதுக் கோளாறு என்று தள்ளிவிடாதீர்கள்.

"ரத்தப்போக்கை நிறுத்தும் ஊசி போட்டால் மாரடைப்பு வரும்"

டிரானெக்சாமிக் அமிலம் என்ற மருந்தைப் பற்றிய அச்சம் இது. ஜப்பானைச் சேர்ந்த உடாகோ ஒகமோட்டோவும் அவர் கணவர் ஷோசுகேவும், பிரசவத்துக்குப் பின் ரத்தம் போய் இறக்கும் பெண்களைக் காப்பாற்ற வழி தேடி, 1962-இல் இதைப் பற்றி எழுதினார்கள். மாதவிடாயில் அதிக ரத்தப்போக்கு உள்ள பெண்களுக்குத் தரும் மாத்திரையும் இதேதான்.

இது புதிதாக ரத்தத்தை உறைய வைப்பதில்லை. காயத்தில் தானே உண்டான உறைவு சீக்கிரம் கரைந்துவிடாமல் காக்கிறது; வரப்பில் அடைத்த மண்ணைத் தண்ணீர் அரிக்காமல் பார்த்துக்கொள்வது மாதிரி. 2022-இல் வெளியான பாய்ஸ்-3 ஆய்வில், பலவகை ஆபரேஷன் செய்துகொண்ட 9,500-க்கும் அதிகமானோரில், பெரிய ரத்தப்போக்கு 11.7 சதவீதத்திலிருந்து 9.1 ஆகக் குறைந்தது. மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பாதிப்புகள் மருந்து பெற்றவர்களில் 14.2, பெறாதவர்களில் 13.9 சதவீதம். வித்தியாசம் மிகச் சிறியது. ஆனாலும் ஆபத்து துளியும் அதிகரிக்காது என்று அந்த ஆய்வால் அறுதியிட்டுச் சொல்ல முடியவில்லை. அண்மையில் ஸ்டென்ட் வைத்தவர்கள், காலில் ரத்தக் கட்டு வந்தவர்கள், வலிப்பு அல்லது சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் விஷயத்தில் மருத்துவர் சீர்தூக்கிப் பார்ப்பார். மற்ற முதியவர்களுக்கு இந்த விலை குறைந்த ஊசியைப் பயத்தால் மறுப்பது தவறு என்பதே என் உறுதியான கருத்து.

"இதய மாத்திரையை ஒரு வாரம் நிறுத்திவிட்டுத்தான் ஆபரேஷன்"

ஆஸ்பிரினுக்காகத் தள்ளிப்போட வேண்டியதில்லை. குளோபிடோக்ரலுக்காகவும் ஒரு வாரம் காத்திருக்க வேண்டாம் என்பதே இன்றைய பொது வழக்கம். ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபாரினின் வேகத்தை வைட்டமின் கே கொடுத்துக் குறைக்கலாம். அதே வேலையைச் செய்யும் புதிய வகை மாத்திரைகளுக்குச் சிறுநீரகத்தின் நிலையைப் பார்த்து நேரம் குறிப்பார்கள். நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள்.

"முன்கூட்டியே ரெண்டு பாட்டில் ரத்தம் ஏத்திட்டா தெம்பு"

2011-இல் வெளியான ஃபோகஸ் ஆய்வு, இதய நோயோ அதற்கான அபாயமோ இருந்த 2,016 இடுப்பு முறிவு நோயாளிகளைக் கவனித்தது. ஹீமோகுளோபின் 10-க்குக் கீழ் போனதுமே ரத்தம் ஏற்றியவர்களும், 8-க்குக் கீழ் போகும்வரையோ அறிகுறி தெரியும்வரையோ பொறுத்தவர்களும் 60 நாள் கழித்து ஒரே நிலையில்தான் இருந்தார்கள். நெஞ்சு வலி, மூச்சுத் திணறல் வந்தால் கதை வேறு. பீட்ரூட் சாறும் மாதுளையும் கொடுக்கலாம். நாளைய ஆபரேஷனுக்குள் அவை ரத்தம் ஊற வைக்காது.

"ஆபரேஷன் அறைக் குளிர் ஒன்றும் செய்யாது"

செய்யும். உடல் வெப்பம் ஒரு டிகிரி குறைந்தாலே ரத்தம் உறைவது மந்தமாகி, இழப்பு கூடுகிறது.

உங்கள் வீட்டுப் பெரியவர் விழுந்து, எழ முடியாமல் இடுப்பு வலிக்கிறது என்றால், அன்றே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். அவர் சாப்பிடும் மாத்திரை அட்டைகளையெல்லாம் கையோடு எடுத்துச் செல்லுங்கள். ஆபரேஷன் எப்போது, டிரானெக்சாமிக் அமிலம் கொடுப்பீர்களா, இல்லையென்றால் ஏன் என்று தயங்காமல் கேளுங்கள்.