தடையின் அலகுகளை மாற்றுதல்

கடத்தி ஒன்றின் இரு முனைகளுக்கிடையே 1 வோல்ற்று அழுத்த வித்தியாசம் உள்ளபோது அதனூடாக 1 அம்பியர் மின்னோட்டம் பாயுமெனின், அக்கடத்தியின் தடை 1 ஓம் ஆகும். ஜேர்மன் பௌதிகவியலாளர் ஜோர்ஜ் சைமன் ஓம் (1789 - 1854) என்பவரின் நினைவாக இவ்வலகு பெயரிடப்பட்டது.

மிகச் சிறிய, மிகப் பெரிய தடைகளுக்குப் பின்வரும் அலகுகள் பயன்படுத்தப்படும்.

1 ஓம் = 1000 மில்லி ஓம்
1 கிலோ ஓம் = 1000 ஓம்
1 மெகா ஓம் = 1000 கிலோ ஓம் = 1 000 000 ஓம்

நினைவிற் கொள்க:
• பெரிய அலகிலிருந்து சிறிய அலகுக்கு மாற்றும்போது பெருக்குக.
• சிறிய அலகிலிருந்து பெரிய அலகுக்கு மாற்றும்போது வகுக்க.

உதாரணம் 1
(அ) 4.7 கிலோ ஓம் = 4.7 × 1000 = 4700 ஓம்
(ஆ) 25 மில்லி ஓம் = 25 ÷ 1000 = 0.025 ஓம்
(இ) 560 000 ஓம் = 560 000 ÷ 1000 = 560 கிலோ ஓம் = 0.56 மெகா ஓம்

உதாரணம் 2
1.2 கிலோ ஓம், 300 ஓம் தடையிகள் இரண்டு தொடராக 6 வோல்ற்று மின்கலவடுக்கு ஒன்றுடன் இணைக்கப்பட்டுள்ளன. சுற்றில் பாயும் மின்னோட்டம் யாது? (மின்கலவடுக்கின் அகத்தடையைப் புறக்கணிக்க.)

முதலில் அலகுகளை ஒன்றாக்குக.
1.2 கிலோ ஓம் = 1200 ஓம்
மொத்தத் தடை = 1200 + 300 = 1500 ஓம்
மின்னோட்டம் = 6 ÷ 1500 = 0.004 அம்பியர் = 4 மில்லி அம்பியர்

மாணவர் விடும் தவறு: அலகை மாற்றாது 1.2 + 300 = 301.2 ஓம் என எழுதுதல். அவ்வாறாயின் மின்னோட்டம் ஏறத்தாழ 20 மில்லி அம்பியர் என வரும். இது சரியான விடையின் ஏறத்தாழ ஐந்து மடங்காகும். சூத்திரம் சரியாக இருந்தும் விடை பிழைத்துவிடும்.

விடையைச் சரிபார்க்க ஒரு வழி: வோல்ற்றைக் கிலோ ஓமினால் வகுத்தால் விடை மில்லி அம்பியரில் கிடைக்கும். இங்கு 6 ÷ 1.5 = 4 மில்லி அம்பியர். எனவே விடை சரியானது.

பயிற்சி
1. 0.68 கிலோ ஓமை ஓமில் தருக.
2. 2.2 மெகா ஓமைக் கிலோ ஓமில் தருக.
3. மஞ்சள், ஊதா, செம்மஞ்சள் என்னும் வரிசையில் நிறவளையங்களைக் கொண்ட தடையியின் தடை 47 000 ஓம் ஆகும். இதனைக் கிலோ ஓமில் தருக.
4. 1.5 கிலோ ஓம், 500 ஓம் தடையிகள் தொடராக இணைக்கப்படின் மொத்தத் தடை எத்தனை கிலோ ஓம்?

விடைகள்: (1) 680 ஓம் (2) 2200 கிலோ ஓம் (3) 47 கிலோ ஓம் (4) 2 கிலோ ஓம்

பரீட்சையில் கணக்கைத் தொடங்குமுன் தரவுகளின் அலகுகளைக் கோடிட்டுக் கொள்க. இறுதி விடையுடன் அலகை எழுத மறவாதீர்கள்.