மதியிறுக்கமுடைய குழந்தைகளும் நம் கடமையும்

ஆட்டிசம் எனப்படும் மதியிறுக்கம் தொற்றும் நோயன்று. மூளை வளர்ச்சியில் அமையும் வேறுபாடு. 1943ஆம் ஆண்டில் அமெரிக்காவில் மருத்துவர் லியோ கேனர் பதினொரு குழந்தைகளைக் கூர்ந்து நோக்கி இதனை விளக்கி எழுதினார். தாயின் அன்புக் குறைவே இதற்குக் காரணம் என்னும் தவறான கருத்துப் பின்னர்ப் பரவியது. இத்தகைய மகனைப் பெற்ற அறிஞர் பெர்னார்டு ரிம்லாண்டு 1964இல் வெளியிட்ட நூலில் அதனை மறுத்தார். எனினும் “வளர்ப்புச் சரியில்லை” என்று தாயைப் பழிக்கும் வழக்கம் இன்னும் முற்றிலும் ஒழியவில்லை. பழிக்கு அஞ்சும் தாய் குழந்தையை வீட்டுக்குள் மறைக்கிறாள். மறைக்கப்படும் குழந்தை பயிற்சியை இழக்கிறது.

இக்குழந்தைகளுள் பலருக்குக் காதில் விழும் சொல்லினும் கண்ணில் நிற்கும் படம் எளிதில் விளங்கும். அடுத்து நிகழ்வது யாதென அறியாதபோது எழும் அச்சமே பலவேளைகளில் அலறலாக வெளிப்படுகிறது. ஆகவே, ‘அடுத்தது என்ன’ என்பதைக் காட்டுவதே பயிற்சியின் அடிப்படையாகும். அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் 1972இல் விரிவாக்கப்பட்ட ‘டீச்’ திட்டம் இவ்வழியில் அமைந்ததே. நம் ஊர்ச் சூழலிலும் இதனைச் செய்ய இயலும்.

1. பயணப் படவரிசை: ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் செல்லுமுன் வீடு, பேருந்து, உறவினர் இல்லம், மீண்டும் வீடு என நான்கு படங்களை வரிசையாக ஒட்டிக் காட்டுக. ஒவ்வொன்றும் முடிந்ததும் அப்படத்தைக் குழந்தையே எடுத்து உறையில் இடட்டும்.

2. படம் கொடுத்துக் கேட்டல்: ஆண்டி பாண்டி, லோரி ஃபிராஸ்ட் ஆகியோர் 1985இல் உருவாக்கிய முறை இது. பால்கோவாவின் படத்தைக் குழந்தை நம் கையில் தந்ததும், சற்றும் தாமதியாது பால்கோவாவைத் தருதல் வேண்டும். இதனால் பேச்சு தடைப்படும் என்னும் அச்சம் வேண்டா.

3. இரைச்சலுக்குப் பழக்குதல்: ஆடிப்பூரத் தேரோட்டமாயினும் பெருநாள் கூட்டமாயினும், கூட்டமில்லாத முந்திய நாளிலேயே இடத்தைக் காட்டுக. அன்று சற்றுத் தொலைவில் சிறிது நேரம் நின்று திரும்புக.

4. கைத்தொழில்: ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டி மருத்துவக் கட்டுத்துணிக்குப் பெயர் பெற்றது. வளர்ந்த பிள்ளைகள் துணிச்சுருளை இடக்கூடையிலிருந்து எடுத்துப் பையிலிட்டு வலக்கூடையில் வைக்கப் பழகலாம். தொடக்கமும் முடிவும் கண்ணுக்குத் தெரியும் வேலை மனத்திற்கு அமைதி தரும்.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் மதியிறுக்கத்தையும் தன் பட்டியலில் சேர்த்துள்ளது. நாற்பது விழுக்காட்டிற்குக் குறையாத குறைபாடுடையோர்க்கு 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி அச்சட்டம் தரும் உரிமையாகும். அடையாள அட்டைக்கு விருதுநகரிலுள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தை அணுகலாம்.

சட்டம் பள்ளியின் கதவைத் திறக்கும். வீட்டின் கதவைத் திறப்பது சுற்றத்தாரின் சொல்லே. ஆசிரியர்களும் ஊர்ப் பெரியோர்களும் மாணவச் செல்வங்களும் அத்தாயிடம் குறை காணாது, “குழந்தையை அழைத்து வாருங்கள்” என்று கூறுவார்களாயின், அதுவே முதற்பயிற்சியாக அமையும்.