பழைய காரும் கசியும் நீரும்

1985ஆம் ஆண்டு ஜூலை 9ஆம் நாள் அப்போதைய பிரதமர் டாக்டர் மகாதீர் முகமது அறிமுகப்படுத்திய புரோட்டோன் சாகா, ஷா ஆலாம் தொழிற்சாலையில் உருவான நம் முதல் தேசியக் கார். அம்முதல் தலைமுறை வண்டிகளைப் பேணி ஓட்டுவோர் கிள்ளான் பள்ளத்தாக்கில் இன்றும் உளர். அவர்களுக்குத் தொல்லை தருவனவற்றுள் ஒன்று குளிர்நீர்க் கசிவு.

ரேடியேட்டரில் நீர் குறைந்தால் ஒரு போத்தல் ஊற்றிவிட்டுப் புறப்படுவது பலரது வழக்கம். போன நீர் எங்கே போயிற்று என்று அவர்கள் ஆராய்வதில்லை. சாகாவின் மிட்சுபிஷி இயந்திரத்தின் உடல் வார்ப்பிரும்பு, தலைப்பகுதி அலுமினியம். வெப்பத்தில் அலுமினியம் இரும்பைவிட ஏறத்தாழ இரு மடங்கு விரியும். நீரின்றிச் சூடேறினால் தலைப்பகுதி வளைந்து, இடையிலுள்ள கேஸ்கெட் சிதையும். ஒரு ரப்பர் குழாயின் விலையோடு முடிய வேண்டிய வேலை, இயந்திரத்தையே பிரிக்கும் செலவாகிவிடும்.

கிள்ளானிலிருந்து பிரிக்பீல்ட்ஸ் செல்லும் வழியில், கூட்டரசு நெடுஞ்சாலை நெரிசலில் வெப்பமானியின் முள் சிவப்புக் கோட்டை நெருங்கினால், ஓரமாக ஒதுங்கி இயந்திரத்தை நிறுத்த வேண்டும். உடனே ரேடியேட்டர் மூடியைத் திறத்தல் கூடாது. உள்ளே அழுத்தம் இருப்பதால் நீர் 100 பாகை செல்சியஸைத் தாண்டியும் கொதிக்காமல் நிற்கும். மூடி தளர்ந்த கணமே ஆவியாய்ச் சீறி முகத்தை வேகவைக்கும். நன்கு ஆறிய பின்னரே திறந்து, சிறிது சிறிதாக நீர் ஊற்றலாம்.

கசிவைக் கண்டறிய, இரவில் வண்டியின் கீழே ஓர் அட்டையை விரித்து வைப்போம். பயணியின் கால்பக்கத்திற்கு நேர் கீழே தெளிந்த நீர் சொட்டியிருந்தால் அது குளிர்சாதனத்தின் நீர், கவலை வேண்டா. முன்புறம் சாயமேறிய நீர் தென்பட்டால் ரேடியேட்டரையும் குழாய்களையும் நோக்குக. தண்ணீர்ப் பம்பின் அடித்துளையில் கறை படிந்திருந்தால் பம்பையே மாற்றுதல் நன்று.

ரப்பரின் இயல்பைத் தோட்டத் தோழர்களுக்கு நாம் சொல்லித்தர வேண்டுவதில்லை. இக்காலக் குளிர்நீர்க் குழாய்கள் பெரும்பாலும் செயற்கை ரப்பரால் ஆனவை. வெப்பத்தைத் தாங்கும் அவை எண்ணெய் பட்டால் உப்பிவிடும். ஆறிய குழாயை விரலால் அழுத்திப் பாருங்கள். வெடிப்போ கொழகொழப்போ தெரிந்தால் மாற்றிவிடுக.

ரேடியேட்டரில் மஞ்சள் தூள் கொட்டி ஓட்டையை அடைப்பாரும் உண்டு. மஞ்சள் குழம்புக்கே உரியது. ரேடியேட்டரின் நுண்குழாய்களையும் அது அடைத்துவிடும்.

வெளியே சொட்டின்றியே நீர் குறைந்து, வெண்புகை ஓயாது வந்து, எண்ணெய் பால் கலந்த காப்பிபோல் மாறினால் கேஸ்கெட் பழுதென்று ஐயுறலாம். அவ்வண்டியை ஓட்டாமல் இழுத்துச் சென்று பட்டறையில் காட்டுக.

பச்சைக் குளிர்திரவம் பெரும்பாலும் கிளைக்கோல் கலந்த நஞ்சு. சுவையோ இனிப்பு, நாய்களும் குழந்தைகளும் நக்கிவிடக்கூடும். வடித்த திரவத்தை வடிகாலில் கொட்டாமல், மூடியிட்ட கலத்தில் அடைத்துப் பட்டறையில் ஒப்படைக்க.